காசில்லா விளம்பரம்

மனிதன் இறந்து போனால்கூட அந்தச் செய்தியைப் பத்திரிகையில் போடுவதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இத்தனை சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. படம் போட்டால் இடம் கூடும். இடம் கூடினால் பணமும் கூடும். அப்படியிருக்க, உயிரோடிருக்கும் ஒருவர், வீட்டில் இரண்டு தறி வைத்துப் பட்டுப் புடவை நெய்து பிழைக்கிறவர், தம்மைப் பற்றிப் பத்திரிகையில் காசு செலவில்லாமல் நாலு வரி வர வேண்டுமென்று விரும்பினால் அதைப் பேராசை என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பது நம் கட்சி.

நாம் எப்போதாவது பத்திரிகைகளுக்கு எழுதுகிறோம் என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது. அது முதல் அப்பளம் இடுகிறவர், ஊதுவத்தி உருட்டுகிறவர், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் எல்லோரும் நம்மைக் கண்ட இடத்தில் நிறுத்தி, "நம்ம சரக்கைப் பற்றியும் ஒரு வரி போடக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். பத்திராதிபர்கள் எல்லோரும் நமக்குச் சம்பந்திகள் என்று அவர்களுடைய எண்ணம். நாம் எழுதியதைப் பிரசுரிக்கச் செய்வதற்கே நாம் படுகிற பாட்டை அவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆகையால் சிரித்துவிட்டு நழுவுவதே நம் வழக்கம். ஆனால் தாராசுரத்து நண்பர் ஒருவர் கேட்டபோது நழுவ முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

தாராசுரம் கும்பகோணத்தை அடுத்த ஊர் என்பதும், அங்கே இரண்டாம் ராஜராஜன் 12-ம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் இருக்கிறதென்பதும் நேயர்கள் அறிந்தவை. 2004-ம் வருஷம் அந்தக் கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் படித்த கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. தட்டினால் ஸ்வரம் எழும்பும் பலிபீடப் படிகள், யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கியிருக்கும் சிற்பம், குதிரை பூட்டிய ரதமாகவே அமைந்த மண்டபம் - இவற்றை எழுதாதவர் இல்லை. கல்படி பாடுவதைக் கேட்க எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். அதே ஊர்த் தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர் வீடுகளில் பகலெல்லாம் தறி பாடிக்கொண்டிருந்ததே, அதைப் பற்றி ஒரு வரி? நாம் படித்த மட்டில் அது மிகவும் அபூர்வம். கோயிலுக்கு வந்த நிருபர்கள் தெருவுக்குள் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தெருவிலிருந்து யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

நண்பர் வீட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அவர் உட்காருகிறார். மற்றொன்றில் அவருடைய மனைவி. எண்பது பிராயத்தைத் தாண்டிய தாயார் திண்ணை ஓரமாக உட்கார்ந்து இராட்டையில் தார் சுற்றுகிறார். பையன் டிப்ளமா படித்துவிட்டு, கும்பகோணத்தில் வீடு வீடாகப் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறான். பட்டும் ஜரிகையும் வியாபாரி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. புடவை கடைக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் பிரிபட்டு, வேறு ஊர்ப் பெயர் சொல்லி விற்கப்படும். அந்த விலைக்கும் இந்தக் கூலிக்கும் நடுவே இருக்கும் தூரம், தாராசுரத்துக்கும் காசிக்கும் இருக்கும் தூரம். ஆடி கழிந்ததும் இரண்டாவது தறியைப் பிரித்து விறகுக்குப் போட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மனைவிக்கு முழங்கால் வலி. பையனுக்குத் திருப்பூரில் வேலை தயார். சொந்தமாகப் பட்டு வாங்கி நெய்து, உடுத்துகிறவர்களுக்கே நேரில் விற்றால் தறி பிழைக்கும். ஆனால் உடுத்துகிறவர்களுக்கு இவர் இருப்பது எப்படித் தெரியும்?

ஒரு பத்திரிகையில் விளம்பரக் கட்டணம் விசாரித்தாராம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாள் வருவதற்கு அவர்கள் சொன்ன தொகையில் ஒரு பாவுக்குப் பட்டு வாங்கிவிடலாம். "பாவு போட்டால் மூன்று புடவை வரும். விளம்பரம் போட்டால் என்ன வரும் என்று தெரியாது, ஸார்" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த வியாபார சாஸ்திரப் பேராசிரியரும் சொல்லியிருக்க முடியாது.

காசில்லாமல் செய்தி வருவதென்பது நம் தேசத்துக்குப் புதிதல்ல. அமிர்தாஞ்சன் கண்ட காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893-ல் பம்பாயில் தொழில் தொடங்கியபோது, சங்கீதக் கச்சேரிகளில் சபையோருக்குத் தைலத்தை இனாமாகக் கொடுத்தார். தலைவலிக்கும் கச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கச்சேரி கேட்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். தைலம் ஊரெல்லாம் பரவியது. பிறகு 1908-ல் அவரே 'ஆந்திர பத்திரிகா'வைத் தொடங்கிவிட்டார். தம்மைப் பற்றி எழுதப் பத்திரிகை வேண்டுமென்றால் சொந்தப் பத்திரிகை நடத்துவது ஒரு வழிதான். ஆனால் இரண்டு தறிக்காரருக்கு அது ஆகிற காரியமல்ல.

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை அதைத் தன் சொந்தக் காரியமாக எடுத்துக்கொண்டு எழுதியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அதுவும் போதாமல் பிரயாணிகளுக்குக் குடை இனாம் கொடுத்தது. பணம் உள்ளவன் குடை கொடுத்தான். இல்லாதவனுக்குப் பத்திரிகை குடை பிடித்தது. ஆனால் கதையின் மீதியையும் சொல்ல வேண்டும். 1908-ல் பிள்ளையவர்கள் சிறை சென்றார். கம்பெனி நலிந்து, அதன் 'காலியா' கப்பல் கடைசியில் அந்த எதிரிக் கம்பெனியின் கைக்கே போயிற்று. தேசம் முழுவதும் எழுதிய எழுத்தெல்லாம் சேர்ந்தும் ஒரு கப்பலைக் கரை சேர்க்கவில்லை. பத்திரிகைச் செய்தி ஆட்களைத் துறைமுகம் வரையில் கொண்டுவரும். கப்பலை நாம்தான் ஓட்ட வேண்டும்.

தஞ்சை ஜில்லாவிலேயே இதைவிட ருசிகரமான உதாரணம் உண்டு. 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டார். தஞ்சைக் கலெக்டர் தார்ன் துரை, யாத்திரைக்காரர்களுக்கு யாரும் சோறு போடக்கூடாது, தங்க இடம் தரக்கூடாது, மீறினால் தண்டனை என்று பத்திரிகைகளில் அறிவித்தார். துண்டுப் பிரசுரம் போட்டார். கிராமம் கிராமமாகத் தண்டோராவும் போடச் செய்தார். யாத்திரை வருகிற சமாசாரமே தெரியாமல் வயலில் நின்றவனுக்கும் அது தெரிந்துபோயிற்று! காங்கிரஸ் ஒரு காசு செலவழிக்காமல், சர்க்கார் செலவிலேயே விளம்பரம் நடந்தது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் வீட்டில் வரவேற்று உபசரித்துவிட்டுச் சிறைக்குப் போனார். பல ஊர்களில் மரக்கிளைகளில் சோற்று மூட்டையைக் கட்டிவைத்துவிட்டு ஜனங்கள் ஒன்றும் தெரியாதவர்களைப் போல் இருந்தார்களாம். துரை ஏன் அப்படிச் செய்தார்? நடப்பது முக்கியமான விஷயம் என்று அவரே நினைத்ததால்தான். ஜனங்களும் அதையேதான் புரிந்துகொண்டார்கள்.

இந்தக் கதைகளையெல்லாம் நண்பரிடம் சொல்லிவிட்டு, "உம்மிடம் என்ன விசேஷம்? அதைச் சொல்லும்" என்றோம்.

"முதல் தரமான பட்டு, ஸார். நியாயமான விலை. அன்பான உபசரிப்பு" என்றார்.

இது கடைப் பலகையில் எழுதுகிற வாசகம். பத்திரிகைக்காரர் இதைப் படித்தால், 'கட்டணம் செலுத்தும் இடம் கீழ்மாடி' என்று வழி காட்டுவார். அப்படிக் காட்டுவதும் நியாயமே. சரக்கு நல்ல சரக்கு என்பது விற்கிறவருக்குச் செய்தி, படிக்கிறவருக்கு அல்ல. காலையில் காபி குடித்துக்கொண்டே பத்திரிகை பார்க்கும் குடும்பத்தில் ஒருவர், "இதைக் கேட்டாயா?" என்று மற்றொருவரைக் கூப்பிட்டுச் சொல்லும்படி ஏதாவது இருந்தால் அது செய்தி. அப்படி ஒன்று கிடைக்கிறதா என்று நாம் ஒரு மணி நேரம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டோம். எத்தனை தலைமுறையாக நெசவு? 'தெரியாது.' பரிசு ஏதாவது வாங்கியதுண்டா? 'இல்லை.' பெரிய மனிதர் யாராவது இவர் நெய்த புடவை உடுத்தியிருக்கிறார்களா? 'உடுத்தியிருக்கலாம், கடைக்காரருக்குத்தான் தெரியும்.'

அப்போது தார் சுற்றிக்கொண்டிருந்த தாயார் தலையை நிமிர்த்தாமலே, "அந்தத் தூண் கொடியைச் சொல்லேன் தம்பியிடம்" என்றார்.

பரண்மேல் இருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கிற்று. அதற்குள் பழுப்பேறிய கட்டக் காகிதங்கள். நண்பரின் தகப்பனார் காலமாகிப் பல வருஷமாயிற்று. அவர் கோயிலுக்குப் போய், மண்டபத் தூண்களில் ஓடும் கொடி வேலைப்பாட்டைப் பென்ஸிலால் வரைந்துவந்து, கட்டம் கட்டமாகப் பெயர்த்து, அட்டையில் துளையிட்டுப் புடவைக் கரையாக நெய்திருக்கிறார். அந்தக் கரையைத்தான் மகனும் இன்றளவும் நெய்கிறார். கல்லில் சோழர் தச்சன் செதுக்கியது, தெருவைத் தாண்டி வந்து பட்டில் ஏறியிருக்கிறது! "இதைப் போய் யார் கேட்பார்கள் என்று சொல்லவில்லை, ஸார்" என்றார் நண்பர். தினம் பார்க்கிற பொருளில் விசேஷம் தெரியாது என்பது உண்மைதான். நாமும் அந்தத் தூண்களை எத்தனையோ தடவை கண்டவர்கள். கொடியைப் பார்த்ததாக ஞாபகமில்லை.

அதன் பிறகு கடிதம் எழுதுவது சுலபமாயிற்று. ஒரே பக்கம். தறி எத்தனை, நெய்கிறவர்கள் யார், கொடி எந்த மண்டபத்துத் தூணில் இருக்கிறது, தகப்பனாரின் காகிதங்களை வந்தால் பார்க்கலாம் - இவ்வளவுதான். 'அற்புதமான', 'ஒப்பற்ற' என்ற பதங்களையெல்லாம் நண்பர் ஆசையோடு சேர்த்தார். நாம் இரக்கமின்றி அடித்தோம். கூடவே இரண்டு படங்கள்: தூணின் கொடி ஒன்று, தறியில் பாதி நெய்த கரைமேல் அவருடைய கை ஒன்று. கை மட்டும் போதுமா, முகம் வேண்டாமா என்று அவர் மனைவி கேட்டார். முகம் எல்லோருக்கும் உண்டு, அம்மா, என்றோம். கடிதத்தைச் சென்னைப் பத்திராதிபருக்கு அனுப்பவில்லை. கும்பகோணத்துச் செய்திகளை அனுப்பும் நிருபருக்கே கொடுத்தோம். பத்திராதிபருக்கு உலகம் முழுவதும் செய்தி. ஊர் நிருபருக்குத்தான் நாளைக்கு என்ன அனுப்புவது என்கிற கவலை.

கொடுத்துவிட்டு வரும்போது நண்பர் மெல்லக் கேட்டார்: "நிருபர் வீட்டு அம்மாளுக்கு ஒரு புடவை கொடுத்துவிடலாமா?"

கூடவே கூடாது என்றோம். 2009-ம் வருஷத் தேர்தலில் பணம் வாங்கிக்கொண்டு செய்தி போட்டார்கள் என்ற புகார்களைப் பிரஸ் கவுன்ஸில் ஆராய்ந்து, 2010-ல் அறிக்கை தயாரித்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். புடவை கொடுத்து வாங்கிய செய்தி விளம்பரமே. அதுவும், விளம்பரம் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படும் விளம்பரம். அன்றியும் ஒரு புடவை கொடுத்தால் வெளிவரும் செய்தி, அடுத்த வீட்டுக்காரர் இரண்டு புடவை கொடுத்தால் என்ன ஆகும்?

ஒரு மாதம் ஆயிற்று, பதிலே இல்லை. நண்பர் நம்மைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினார். ஜூலை முடியும் தறுவாயில் இரண்டாவது கடிதம் எழுதினோம். முதல் கடிதத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது: ஒரு தேதி. ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி தினம். 1905-ம் வருஷம் அதே தேதியில் கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கம் பிறந்ததன் ஞாபகமாக, 2015 முதல் கொண்டாடுகிறார்கள்; முதல் விழா சென்னையிலேதான் நடந்தது. ஆண்டுதோறும் அன்றைக்குக் கைத்தறியைப் பற்றி ஏதாவது போட்டாக வேண்டுமென்று பத்திரிகைக்காரர்கள் தேடுவார்கள். இல்லாத போது கொண்டுபோய் நீட்டினால் தானம். தேடும்போது கொடுத்தால் உதவி. 2019-ல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த சமயத்திலே அந்த ஊரின் விசிறி மடிப்பைப் பற்றியெல்லாம் எழுதினார்கள். மடிப்பு அதற்கு முன்பும் இருந்தது. எழுதுவதற்கு நாள் வரவில்லை, அவ்வளவுதான்.

நிருபர் வந்தார். இளைஞர், மோட்டார் சைக்கிளில் அவசரமாக வந்து, அவசரமாகவே போய்விட நினைத்தவர். கட்டக் காகிதங்களைப் பார்த்ததும் உட்கார்ந்தார். நண்பரோடு கோயிலுக்கே நடந்து போய்த் தூணையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். தாயார் கொடுத்த காபியைத் தவிர அந்த வீட்டில் அவர் வாங்கிக்கொண்டது ஒன்றுமில்லை.

ஆகஸ்டு 7-ந் தேதி காலையில் செய்தி வந்தது. அரைப் பக்கம்! படம், தூண், காகிதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் கொட்டை எழுத்துத் தலைப்பில், 'காஞ்சிப் பட்டில் சோழர் கொடி' என்று போட்டிருந்தார்கள். நிருபர் அப்படி எழுதவில்லை. ஆபீஸில் யாரோ பட்டு என்றால் காஞ்சிதானே என்று சேர்த்துவிட்டார்கள். நண்பர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. எந்தப் பெயருக்கு அடியில் இத்தனை நாள் அவருடைய புடவைகள் மறைந்து போயினவோ, அந்தப் பெயரே அவர் படத்துக்கு மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

பெயர் கிளம்பிவிட்டால் அது சொந்தக்காரனைக் கேட்டுக்கொண்டு பிரயாணம் செய்வதில்லை. 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகையை நெடுஞ்சாலைகளில் எத்தனை இடத்தில் பார்க்கிறோம்! அந்தக் கடைகளில் கும்பகோணத்துக்குப் போகும் வழி கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

இது நிற்க, செய்தி வந்த அன்று காலை ஏழு மணிக்கே டெலிபோன் அடிக்கத் தொடங்கிற்று. மூன்று நாளில் நாற்பத்துமூன்று பேர். மதுரை, சென்னை, கோயமுத்தூர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர். எல்லோருக்கும் தீபாவளிக்குள் புடவை வேண்டும். இரண்டு தறியில், புடவை ஒன்றுக்குப் பத்து நாளிலிருந்து பதினைந்து நாள் வரையில் ஆகிறது. நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான்காவது நாள் ஒரு வியாபாரி வந்தார். பத்திரிகையை மடித்துக் கையில் வைத்திருந்தார். "நாற்பது உருப்படியும் நான் தருகிறேன். பவர்லூம், ஆனால் கொடி அச்சாக விழும். உம்முடைய பேரையும் படத்தையும் போட்டு அனுப்பும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்றார். அவர் சொன்ன லாபத்தில் கடன் எல்லாம் தீர்ந்து, முழங்காலுக்கு வைத்தியமும் பார்க்கலாம். நண்பரின் மனைவி தறிக்குழியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பையனுக்கு மனம் இருந்தது. அவன் மறைக்கவும் இல்லை. "ஜனங்கள் கேட்பது கொடியைத்தானே அப்பா?" என்றான்.

இந்த இடத்தில் நாம் வாய் திறக்கவில்லை. கடன் நம்முடையதல்ல, முழங்காலும் நம்முடையதல்ல. தர்மோபதேசம் செய்கிறவர்கள் சாதாரணமாகத் தறிக்குழிக்கு வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

நண்பர் தகரப் பெட்டியை மூடிப் பரண்மேல் வைத்தார். "பேப்பரிலே என் கையைப் போட்டிருக்கிறார்களே, ஐயா. கை நெய்யாததை எப்படி அனுப்புகிறது?" என்றார். வியாபாரி வாதாடவில்லை. மனம் மாறினால் சொல்லும்படி விலாசச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பையன் வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு தலைப்பிலிருந்த பிழையைக் குறித்து நண்பர் நிருபருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தத் தடவை நம்மைக் கேட்கவில்லை. மூன்றே வாக்கியம்: செய்திக்கு வந்தனம், புடவை காஞ்சியினுடையதல்ல, தாராசுரத்தில் நெய்தது, முடிந்தால் திருத்தி உதவவும். ஒரு வாரத்துக்குப் பிறகு உள்பக்கத்து மூலையில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. அரைப் பக்கத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டு வரியைப் பார்த்திருப்பார்கள்? நண்பர் வீட்டுச் சுவரில் இப்போது ஒட்டியிருப்பது அந்த இரண்டு வரிதான். அரைப் பக்கம் தாயாரின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

டெலிபோனில் கேட்ட நாற்பத்துமூன்று பேரையும் பையனே திரும்பக் கூப்பிட்டான். வரிசைப்படிதான் கிடைக்கும், தீபாவளிக்கு முடியாது, நெய்யும்போது வந்து பார்க்கலாம் என்று சொன்னான். முப்பத்திரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். பதினொரு பேர் காத்திருக்கிறோம் என்றார்கள். அந்தப் பதினொரு பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நம்பர் போட்டு எழுதியிருக்கிறான். திருப்பூருக்குத் தைக்குப் பிறகு வருவதாகத் தகவல் கொடுத்திருக்கிறானாம். போவதும் போகாததும் அப்போது தெரியும். இரண்டாவது தறியைப் பிரிக்கிற பேச்சை இப்போதைக்கு யாரும் எடுக்கவில்லை.

போன வாரம் நாம் போயிருந்தபோது, புதுப் பாவைப் பழைய பாவின் நுனியோடு இழை இழையாகப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று புடவைக்கான பாவு; முதல் மூன்று பெயருக்கும் சரியாகப் போய்விடும். நான்காவது பெயர் திருச்சியில் ஓர் அம்மாள். கார்த்திகை ஆகிவிடும் என்று பையன் சொன்னதற்கு, "பெண்ணுக்குக் கல்யாணம் தையில்தான் தம்பி, நிதானமாகவே நெய்யச் சொல்லு" என்றாராம்.